ரோஷினிக்குக் குழந்தைப் பருவம் வந்த கதை

சென்னீர்குப்பத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற பிரபஞ்ச மழலை பன்னாட்டுப் பள்ளி, அந்த ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து தன் மாணவர்களுக்குக் குழந்தைப் பருவம் வழங்குவது என்று முடிவு செய்தது. அதுவரை அங்கே படித்த பிள்ளைகளுக்கு அது இருந்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. தாளாளர் ஹேமநாதன் முன்பு வானகரத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தவர். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மூன்று நாடுகளைச் சுற்றிவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு நாட்டிலும் குழந்தைகள் ஒவ்வொரு விதமாக இருப்பதை விமான நிலையத்திலேயே கவனித்துவிட்டதாகப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்.

"டைல்ஸ்ல இத்தாலியன் இருக்கு, ஸ்பானிஷ் இருக்கு. சைல்டுஹுட்டும் அப்படித்தாங்க. இவ்வளவு நாளா நாம லோக்கல் சரக்கையே போட்டுக்கிட்டு இருந்தோம். இனிமே ஃபர்ஸ்ட் டெர்ம் ஜப்பான், செகண்ட் டெர்ம் அமெரிக்கா, தேர்ட் டெர்ம் பின்லாந்து. வருஷக் கடைசியில உங்க பிள்ளைகிட்ட மூணு நாட்டுக் குழந்தைப் பருவம் இருக்கும். வேற எந்த ஸ்கூல்ல தர்றாங்க?"

எல்லாரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தசரதனும் தட்டினான்.

தசரதன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவன். சென்னீர்குப்பத்தின் பழைய குடும்பம்தான். நிலமெல்லாம் கைமாறிப் போய், ஒரு கூடமும் ஓர் அடுப்படியும் மட்டும் அவனுக்கு மிச்சம். மூத்தவள் ரோஷினிக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. இளையவன் கிருபாகரனுக்கு ஒன்றே கால் வயது. மனைவி விஜி அந்தப் பங்குனியில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். ஏழைப் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் ஒதுக்கச் சொல்லியிருக்கும் இடங்களில் ஒன்று, எல்.கே.ஜி.யின்போது குலுக்கலில் ரோஷினிக்குக் கிடைத்திருந்தது. பள்ளிக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் மகள் பெயரைப் பார்த்துவிட்டு விஜி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் கண் மஞ்சளாகிக் கிடந்தபோதும், "அவள அந்த ஸ்கூல்லேர்ந்து மட்டும் நிறுத்திடாத" என்று இரண்டு தரம் சொன்னாள். அதனால் பள்ளியில் எதற்குக் கை தட்டச் சொன்னாலும் தசரதன் தட்டுவான்.

ஜப்பான் பருவம் நல்லபடியாகத்தான் போனது. ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பறையைச் சுத்தம் செய்கிறார்கள் என்பதால், பள்ளி முதலில் தன் இரண்டு ஆயாக்களையும் நிறுத்தியது. பிறகு ஆளுக்கொரு துடைப்பம் கொண்டுவரச் சொன்னது. அடுக்குமாடிகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் துடைப்பத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. ஒரு மென்பொருள் பொறியாளரின் மகனுக்குப் பதிலாக அவர்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாள் தினமும் காலை எட்டரைக்கு வந்து, அவன் பங்குக்கு ஜப்பான் முறையில் பெருக்கிவிட்டுப் போனாள். அவள்தான் ஜூன் மாதம் நிறுத்தப்பட்ட ஆயாக்களில் ஒருத்தி.

ரோஷினி மூலை முடுக்கெல்லாம் விடாமல் பெருக்கினாள். பெருக்கிய கையோடு தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். குழந்தைப் பருவ ஒருங்கிணைப்பாளர் மோகனப்பிரியா அவளைப் பிரேயரில் நிறுத்தி, 'ஜப்பான் நட்சத்திரம்' என்று ஒரு பேட்ஜைச் சட்டையில் குத்திவிட்டாள். "பொறுப்புதான் குழந்தைக்கு அழகு" என்று அன்றைக்குத் தாளாளர் பேசினார்.

அக்டோபரில் அமெரிக்கா வந்தது.

அமெரிக்காவில் குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே தனி அறையில் தூங்குமாம். அதனால்தான் அவர்கள் சந்திரனுக்குப் போனார்களாம். உங்கள் குழந்தைக்குத் தனி அறை உண்டா, அறையின் நிறம் என்ன, கட்டிலின் அளவு என்ன என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. குழந்தை தனியாகப் படுத்திருக்கும் புகைப்படத்தையும் இணைக்க வேண்டும். தசரதன் படிவத்தை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய் லேத் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அடுத்த மெஷின்காரர் அப்துல் ரசாக் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தசா, ஜாப்ப வுட்டுட்டு பேப்பரயே பாத்துகினு கீற?"

"பாப்பாவுக்குத் தனி ரூமு கீதான்னு கேக்குறாங்க அண்ணாத்தே."

"ஒனக்கே கெடையாதேப்பா!"

"அத்த எங்க எழுதுறதுன்னு தெரியல."

ரசாக் படிவத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினார். "எங்க ஊட்ல ஏழு பேரு ஒரே பாயில படுத்தோம். ஓரத்துல படுக்குறவன் செவுத்த கட்டிப் புடிச்சிகினு தூங்குவான். அதான் நாங்க யாரும் சந்திரனுக்குப் போவல போல. வுடு, நடுவுல ஒரு துணியக் கட்டி போட்டோ புடிச்சி அனுப்பு. அவங்களுக்கு போட்டோதான வேணும்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை தசரதன் கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி விஜியின் பச்சைப் புடவையைத் தொங்கவிட்டான். அம்மாவின் புடவை என்று தெரிந்ததும் ரோஷினி மறுபேச்சுப் பேசாமல் அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். தசரதன் படம் எடுத்து அனுப்பினான். மறுநாள் அதே படம் திரும்பி வந்தது. புடவைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் காலைச் சிவப்பால் வட்டமிட்டு, "இது யாருடைய கால்? விளக்கம் தேவை" என்று எழுதியிருந்தது.

கால் கிருபாவுடையது என்று தசரதன் எழுதிக் கொடுத்தான். கிருபா யார், அவனை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அம்மா எங்கே என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினான். பகலில் பக்கத்து வீட்டுச் சரசா பார்த்துக்கொள்கிறாள், நாலு மணிக்கு ரோஷினி பள்ளிவிட்டு வந்ததும் வாங்கிக்கொள்வாள், ஏழரைக்கு நான் வந்துவிடுவேன். இப்படி உள்ளதை எழுதியதுதான் அவன் செய்த தப்பு என்று ரசாக் பிற்பாடு சொன்னார்.

விளக்கம் பள்ளிக்குள் மேசை மேசையாக நகர்ந்து முடிவதற்குள் அமெரிக்கா முடிந்து பின்லாந்து பிறந்துவிட்டது. பின்லாந்தில் குழந்தைக்கு விளையாட்டைத் தவிர வேறு வேலையே கிடையாதாம். ஜனவரி மாதம் ஒரு மாலை மோகனப்பிரியா வீட்டுக்கே வந்து, கையில் டேப்லெட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். தசரதன் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றான்.

ரோஷினி பள்ளிப் பையை ஆணியில் மாட்டினாள், முகம் கழுவினாள், சரசா வீட்டுக்கு ஓடினாள். கிருபா அவளைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தான். வீட்டுக்குத் தூக்கி வந்து, இடுப்பில் வைத்துக்கொண்டே பாலைக் காய்ச்சி இறக்கினாள், சோற்றில் ரசம் விட்டு மசித்தாள், தெருமுனையில் போகிற தண்ணீர் லாரியைக் காட்டிக் காட்டி ஊட்டினாள். "இது யாரு லாரி? கிருபா லாரி. ஆ காட்டு" என்றாள். அவன் ஆ காட்டினான். வாயைத் துடைத்து, சட்டையை மாற்றி, கீழே விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள். அவன் அவள் முதுகில் ஏறிக்கொண்டான். முதுகில் அவனோடேயே வகுத்தல் போட்டாள்.

மோகனப்பிரியா, "பதினேழு நிமிஷத்துல பதினோரு பொறுப்பு" என்று குறித்துக்கொண்டாள். நல்ல பெண்தான். அவள் கண்ணில் நிஜமாகவே நீர் வந்தது. டேப்லெட்டில் அதைக் குறிக்க இடம் இல்லாததால் துடைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு கஷ்டம் பாருங்க, இந்த வயசுல ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைத் தூக்கறது!"

வாசற்படியில் நின்ற சரசாவுக்குப் புரியவில்லை. "ஏம்மா, அது தம்பிய அது தூக்காம, ரோட்டுல போறவனா வந்து தூக்குவான்?"

அடுத்த வாரம் தசரதனைத் தாளாளர் அறைக்கு அழைத்தார்கள். ஹேமநாதன் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மோகனப்பிரியா. எதிரே பின்லாந்துக் காடு ஒன்றின் பெரிய படம்.

"உங்க பொண்ணுக்குக் குழந்தைப் பருவக் குறைபாடு இருக்கு," என்றார் ஹேமநாதன், ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்கிற மாதிரி. "நூத்துக்குப் பதினெட்டுதான் வந்திருக்கு."

தசரதன் மேசைக்கு அருகில் வந்தான். "மருந்து இன்னா சார்?"

"முதல்ல அவ அந்தப் பையனைத் தூக்கக் கூடாது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது. பெருக்கக் கூடாது."

"சார், ஜூன்ல இதே பாப்பா பெருக்குனதுக்கு நட்சத்திரம் குத்துனீங்களே?"

"அது ஜப்பான். இப்ப பின்லாந்து நடக்குது."

"பாப்பாவுக்கு அது தெரியாதே சார்."

"அதுக்குத்தான் சர்க்குலர் அனுப்பறோம்."

தசரதன் கைகளைப் பிசைந்தான். "நான் ஒம்பது வயசுல நாலு எருமைய ஓட்டிகினு கூவம் ஆத்தாண்ட போவேன் சார். என்னிய யாரும் கொழந்தன்னு சொல்லல. பெரிய பையன்னுதான் சொன்னாங்க. எங்கம்மா பதிமூணு வயசுல கட்டிகினு வந்துச்சு."

மோகனப்பிரியா இரக்கத்தோடு பார்த்தாள். "அப்பல்லாம் குழந்தைப் பருவம் கண்டுபிடிக்கப்படல சார்."

"எனக்கும்தான் கிடைக்கல," என்றார் ஹேமநாதன். "எட்டு வயசுல எங்கப்பா கடையில கல்லு தூக்கினேன். அதனாலதான் இன்னைக்கு இப்படி ஆயிட்டேன்." எப்படி ஆகிவிட்டார் என்று அவர் சொல்லவில்லை. அறையில் இருந்த மற்ற இருவரும் கேட்கவில்லை.

"அந்தப் பையனை ஒரு பெரியவங்க பொறுப்புல விட்டுடுங்க," என்றாள் மோகனப்பிரியா. "சொந்தத்துல யாரும் இல்லையா?"

"அரக்கோணத்துல தங்கச்சி கீது."

"அனுப்பிடுங்க. இல்லன்னா நாங்க மேலே எழுதணும். எழுதினா விசாரணை வரும், ரெண்டு குழந்தையையும் கவர்மெண்ட் ஹோம்ல வைக்கலாமான்னு பாப்பாங்க. எங்களுக்கு அதுல இஷ்டமில்ல."

"பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேரு," என்று ஹேமநாதன் விளக்கினார்.

இரண்டு குழந்தையையும் என்ற சொல்லுக்குப் பிறகு தசரதனுக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. தலையை ஆட்டினான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் ரோஷினியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவள் கிருபாவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது சுவரைப் பார்த்துச் சொன்னான். அவள் துவட்டுவதை நிறுத்தவில்லை.

"எத்தினி நாளுப்பா?"

"கொஞ்ச நாளுதான் பாப்பா."

"நான் தூக்காமலே பாத்துக்கறேம்பா. தரையிலயே வுட்டுப் பாத்துக்கறேன்." கொஞ்சம் யோசித்தாள். "மிஸ்ஸாண்ட எழுதிக் குடுக்கட்டுமா?"

தசரதன் எழுந்து தெருவுக்குப் போய்விட்டான்.

பொங்கல் கழிந்த ஞாயிறன்று ஆவடியில் ரயிலேறி, பையனை அரக்கோணத்தில் தங்கை சித்ராவிடம் விட்டுவிட்டு வந்தான். சித்ராவுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம், குழந்தை இல்லை. ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ரோஷினியை அழைத்துப் போகக் கூடாது என்பது மோகனப்பிரியாவின் நிபந்தனை. பார்த்தால் தூக்குவாள், தூக்கினால் குறைபாடு திரும்பிவிடும். பருவம் முடிகிறவரை சந்திப்பு வேண்டாம்.

அடுத்த திங்கட்கிழமை ரோஷினிக்குச் சிகிச்சை தொடங்கியது. மோகனப்பிரியா அவளுக்கு ஒரு பொம்மை கொடுத்தாள். வெளிநாட்டுக் குழந்தைப் பொம்மை. படுக்கவைத்தால் கண்ணை மூடும், வாயில் புட்டியை வைத்தால் சப்பும். இதற்குப் 'பராமரிப்பு விளையாட்டு' என்று பெயர். தினமும் முக்கால் மணி நேரம் ரோஷினி அதைத் தூக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், பால் கொடுக்க வேண்டும், தூங்கவைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு.

ரோஷினி எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கினாள். தூக்கும்போது கழுத்துக்கு அடியில் கை கொடுத்தாள். பாலைப் புறங்கையில் விட்டுச் சூடு பார்த்தாள். குடித்து முடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். "இதை யாரும் சொல்லிக்கொடுக்கவே இல்லை, விளையாட்டு அவளுக்குள்ளேயே இருந்திருக்கிறது" என்று மோகனப்பிரியா அறிக்கையில் வியந்திருந்தாள். ஒரே ஓர் இடத்தில்தான் மதிப்பெண் குறைந்தது. பொம்மைக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது ரோஷினி 'பொம்மை' என்று எழுதினாள். கற்பனை வளம் போதாது.

வீட்டிலும் அவள் ஒரு வேலையும் செய்யக் கூடாது என்பதால் தசரதன் விடியற்காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் போனான். நாலு மணிக்கு வருகிற ரோஷினி அதைச் சாப்பிட்டுவிட்டு, விளையாட்டு நோட்டில் என்ன விளையாடினாள் என்று எழுதுவாள். 'நொண்டி ஆடினேன்.' 'கண்ணாமூச்சி ஆடினேன்.' யாரோடு என்ற கட்டத்திலும் ஏதேதோ பெயர்களை எழுதினாள். ஒருநாள் தசரதன் சரசாவிடம் கேட்டான். "எங்க ஆடுச்சு? அது பாட்டுக்கு வாசப்படியில குந்திகினு தண்ணி லாரியப் பாத்துகினு கீது," என்றாள் சரசா. விஜி இருந்த நாளில் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை மையில் 'மிக நன்று' என்று இருந்தது.

ஏப்ரல் மூன்றாவது வாரம் பள்ளியில் குழந்தைப் பருவத் திருவிழா நடந்தது. குழந்தைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டு, குழந்தைகளை எப்படி வாட்டக் கூடாது என்று நான்கு பேர் மாறி மாறிப் பேசினார்கள். இரண்டாவது பேச்சாளரின்போது யு.கே.ஜி. பையன் ஒருவன் மயங்கி விழுந்தான். ஓரமாகத் தூக்கிப் போய்த் தண்ணீர் தெளித்தார்கள். கடைசியாக ஹேமநாதன், 'முழுமையான குழந்தை' விருதுக்கு ரோஷினியை மேடைக்கு அழைத்தார். பொம்மையோடு வரச் சொன்னார்.

"இந்தக் குழந்தையைப் பாருங்க," என்றார், குரல் தழுதழுக்க. "ஜனவரியில இவளோட மார்க் பதினெட்டு. இப்ப தொண்ணூத்தி நாலு. ஜனவரியில இவ கையில ஒரு குழந்தை இருந்துச்சு. நாங்க அதை எடுத்துட்டு, இன்னைக்கு ஒரு பொம்மையைக் கொடுத்திருக்கோம். இதைவிட ஒரு பள்ளிக்கூடம் என்னங்க செய்யணும்?"

பெற்றோர் உட்கார்ந்திருந்த கூடாரமே அதிரக் கை தட்டியது. மே மாதச் சேர்க்கை விளம்பரத்துக்கு, பொம்மையோடு ரோஷினி மேடையில் நின்ற படத்தையே நெடுஞ்சாலையில் பெரிதாக வைத்தார்கள். கூடாரத்தில் தசரதன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு மட்டும் அவன் தட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போய், பாப்பாவைக் கவர்மெண்ட் பள்ளியில் சேர்க்கப்போகிறேன், மாற்றுச் சான்றிதழைக் கொடுங்கள் என்று கேட்டான். விஜியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கேட்டான். சான்றிதழை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "கிளம்பு பாப்பா, தம்பியக் கூட்டியாரலாம்," என்றான்.

ரோஷினி குளித்தாள். இருப்பதில் நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டாள். அரக்கோணம் வரும்வரை ரயிலில் உட்காரவே இல்லை. கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டேஷன் பெயராகப் படித்துக்கொண்டு வந்தாள்.

சித்ரா வாசலில் நின்றிருந்தாள். முந்தின நாள் தசரதனின் ஃபோன் வந்ததிலிருந்து அவள் தூங்கியிருக்க மாட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் கிருபாவின் துணிமணியெல்லாம் துவைத்து மடித்து, ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, புதுச் சட்டையும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டுமாக அவன் நின்றான். கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

ரோஷினி மண்டி போட்டு இரண்டு கையையும் நீட்டினாள். "கிருபா! வாடா."

அவன் அவளைப் பார்த்தான். கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, சித்ராவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"அக்காடா," என்றாள் சித்ரா. "உன் அக்காடா செல்லம். போ, போ." அவன் போகவில்லை. தசரதன் குனிந்து அவனைத் தூக்கினான். அவன் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு, சித்ராவை நோக்கிக் கையை நீட்டி, "ம்மா, ம்மா" என்று வீறிட்டான். சித்ரா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீட்டிய கையைப் பிடிக்கக் கூடாது என்று தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எறக்கி வுடுப்பா," என்றாள் ரோஷினி.

"பழகிடுவான் பாப்பா. ரெண்டு நாளு அழுவான்..."

"ஏற்கெனவே ஒருதரம் அழுதிருப்பான் இல்ல? இங்க வந்தப்ப." ரோஷினியின் குரல் நிதானமாக இருந்தது. "மறுபடி எதுக்குப்பா? இங்கயே இருக்கட்டும். அத்தைய அவன் அம்மான்னு கூப்புடுறான்."

தசரதன் மகளைப் பார்த்தான். பையனை இறக்கிவிட்டான். அவன் ஓடிப்போய் சித்ராவின் காலைக் கட்டிக்கொண்டான். அவள் அவனை வாரி எடுத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

காபி குடித்தார்கள். கிளம்பும்போது ரோஷினி சித்ராவின் பக்கத்தில் போய் நின்று, மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை, தூங்கும்போது நம்ம காதைப் புடிச்சிகினேதான் தூங்குவான். கையைத் தள்ளி வுட்டா முழிச்சிப்பான். தள்ளி வுடாதீங்க."

சித்ரா அவள் தலையைத் தடவினாள். "அந்தப் பழக்கம் போயிடுச்சும்மா. இப்ப தானாவே தூங்கிடுறான்."

"அப்படியா," என்றாள் ரோஷினி.

தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தார்கள். சித்ராவின் இடுப்பில் இருந்தபடி கிருபா அழுகை தீர்ந்து, சிரித்துக்கொண்டே கையை ஆட்டி டாட்டா காட்டினான்.

"இது புதுசாக் கத்துக்கிட்டான்," என்று சித்ரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "வந்துட்டுப் போறவங்க எல்லாருக்கும் காட்டுவான்."

ரோஷினியும் காட்டினாள். அவன் காட்டி முடிக்கும்வரை காட்டிக்கொண்டே நின்றாள்.